மார்லிஸ் தூங்கிய வண்டி

மினசோட்டா
ஆகஸ்ட் 28, வியாழன்

மதிப்புக்குரிய மைத்துனர் வெர்லின் அவர்களுக்கு,

டுவேன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை மார்லிஸும் இங்கே சுகம். அரிசோனா வெயிலில் நீங்களும் கேரல் அக்காவும் வாடி வதங்காமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இங்கே காலையில் ஸ்வெட்டர் தேவைப்பட ஆரம்பித்துவிட்டது. முதல்முறையாக வீட்டு வண்டி வாங்குகிறவன் கவனிக்க வேண்டியவை என்று நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய பதினான்கு பக்கமும் கிடைத்தது. மூன்று வண்டி வைத்து ஆண்டவர் நீங்கள். அதன்படி நான் நடந்தேனா இல்லையா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதற வேண்டாம் மச்சான். நான் பதறவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். முப்பத்தெட்டு வருடம் சரக்கு ரயிலில் வேலைக்குப் போனவன் நான், வாரத்தில் நாலு நாள் வெளியூர். மார்லிஸுக்கோ ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் காரை எடுத்துக்கொண்டிருப்பாள். ஒருவருக்கொருவர் கையசைத்தே காலம் ஓடிவிட்டது. இந்த வசந்தத்தில் இருவரும் ஓய்வு பெற்றோம். படுக்கை, சமையல் எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு வீட்டு வண்டி வாங்கி, பனி விழுமுன் புறப்பட்டு, அவளோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது என் ஆசை. அவள் ஒரு கெடு வைத்தாள். "செப்டம்பர் மொதல் திங்கள், தொழிலாளர் தினம் வரைக்கும் தேடு. உன்னோட நான் குடியிருக்கிற மாதிரி ஒண்ணு கெடைச்சா வரேன். இல்லன்னா ஒரு படகை வாங்கிக்கிட்டு நீ ஏரிக்குப் போ, நான் வீட்டுல இருக்கேன்" என்றாள். இன்னொன்றும் கேட்டாள்: "இந்த வீட்டுல ஏழு ரூம் இருக்கு டுவேன். உன் மேல கோவம் வந்தா நான் கீழ இறங்கிப் போயிடுவேன். அதுல எங்க போவேன்? எஞ்சினுக்குள்ளயா?" நியாயமான கேள்வி, நீளம் சம்பந்தப்பட்டது என்று எடுத்துக்கொண்டு, கடைக்குப் போய் நல்லதாக ஓர் அளவு நாடா வாங்கினேன்.

முதலில் பார்த்தது முப்பத்தெட்டு அடி. பள்ளிக்கூடப் பேருந்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது. ஓட்டிப் பாருங்கள் சார் என்று விற்பனையாளர் சாவியைக் கொடுத்தார், நானும் ஓட்டினேன், நூறு பெட்டி சரக்கு ரயிலில் போனவனுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன், ஆனால் ரயிலுக்குத் திருப்பம் என்று ஒன்று கிடையாது என்பது வாசலில் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது, அதற்குள் 'நல்வரவு' பலகை சாய்ந்துவிட்டது. "அட விடுங்க சார், எல்லாரும் அதைத்தான் இடிப்பாங்க, அதுக்குத்தான் அங்க நட்டு வச்சிருக்கோம்" என்றார் அந்தப் புண்ணியவான். மார்லிஸ் உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றாள். உங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் பார்க்க வந்த அன்று நான் போட்டிருந்த சட்டையைப் பார்த்து உங்கள் அம்மாவும் அதைத்தான் சொன்னார்.

அடுத்தது சின்ன வேன், பத்தொன்பது அடி. அதில் கழிப்பறையும் குளியலறையும் ஒன்றுதான். வாங்குமுன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார் என்று மூன்றாம் பக்கத்தில் நீங்கள் கோடு போட்டு எழுதியிருந்தீர்கள், உட்கார்ந்தேன், எழுந்தேன், பெல்ட் எதிலோ மாட்டியது, இழுத்தேன், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

"டுவேன், உள்ள என்ன பண்ற?"

"உக்காந்து பாக்கறேன்."

"குளிக்கிற சத்தமாட்டம் கேக்குதே?"

"அதையும்தான் பாக்கறேன்."

கடைக்காரர் விளம்பரத் துணி ஒன்றைக் கொடுத்தார். அதைப் போர்த்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொன்னேன். அதற்குமேல் இன்னும் குலுங்கியது.

போன சனிக்கிழமை மூன்றாவது வண்டி. கெடு முடிய ஒன்பது நாள். பன்னிரண்டு வயதான பழைய வண்டி, இருபத்து நாலு அடி, பின்னால் திரை போட்ட படுக்கை. அந்தக் கடையம்மா பானிக்கு நம் வயதுதான் இருக்கும். "சுத்திப் பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. சாயங்காலம் வரைக்கும் உள்ள குடித்தனம் பண்ணுங்க, அப்புறம் வந்து சொல்லுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். குடித்தனம் ஆரம்பித்தோம். மார்லிஸ் இல்லாத பாத்திரத்திலிருந்து இல்லாத காப்பியை ஊற்றி நீட்டினாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றேன். அங்கேதான் பிடித்தது சனி.

"முப்பத்தெட்டு வருஷமா என் காப்பியில குத்தம் சொன்ன, பொறுத்துக்கிட்டேன். இல்லாத காப்பியிலயுமா?"

பேச்சை மாற்றலாம் என்று அளவு நாடாவை எடுத்துக் கோப்பை அலமாரியை அளந்தேன். "அதை உள்ள வை!" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படுக்கையில் ஏறித் திரையை இழுத்து மூடிக்கொண்டாள். என் இடத்திலிருந்து அந்தத் திரைக்குப் பதினோரு அடி. கோபித்துக்கொண்டு போனால் அவ்வளவுதான் போக முடிகிறது. மச்சான், உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு மனசே விட்டுப்போயிற்று. அவள் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. இனிப் படகுதான், தனியாகத்தான் என்று உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து மெதுவாகத் திரையை விலக்கிப் பார்க்கிறேன், மார்லிஸ் சுவர்ப்பக்கம் திரும்பி அயர்ந்து தூங்குகிறாள்! ஆஸ்பத்திரியை விட்ட நாளாக அவளுக்குச் சரியான தூக்கமே கிடையாது. மருந்து, மூலிகைத் தேநீர், புதுத் தலையணை, எதற்கும் வராத தூக்கம் அந்தப் பழைய வண்டியில் வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சனிக்கிழமைக் கூட்டம். ஒரு குடும்பம் வந்து உள்ளே பார்க்கலாமா என்றது. "வீட்டம்மா தூங்கறாங்க" என்று அனுப்பிவிட்டேன். விதைக் கம்பெனித் தொப்பி போட்ட விவசாயி ஒருவர் வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். "ஓஹோ, வண்டியோட அவங்களும் சேர்த்தியா?" என்றார். "இல்லீங்க, அவங்களோட நான் சேர்த்தி" என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மழை, சோளம் என்று ஏதோ பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணி நேரம் கழித்து மார்லிஸ் எழுந்து வந்தாள். "எப்படி இருக்கு?" என்றேன். "மோசமில்ல" என்றாள். உங்கள் வீட்டாரிடம் அதற்கு மேல் ஒரு பாராட்டை நான் கேட்டதில்லை. உடனே பானியைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பட்டியலைப் பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். கூரையில் கறை இருக்கிறது, டயர் பழசு, நிழலுக்கு விரிக்கிற வெளிப்பந்தல் பாதி விரிந்து நின்றுவிடுகிறது. பதினான்கு பக்கத்தில் பதிமூன்றின்படி இதை வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் மச்சான், தப்பாக நினைக்காதீர்கள், மெத்தையைப் பற்றி உங்கள் பட்டியலில் ஒரு வரி கூட இல்லை. வண்டி என்பதே மெத்தைதான். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

அக்டோபரில் புறப்படுகிறோம். வழியில் உங்கள் வாசலுக்கும் வருவோம், பலகை ஏதாவது இருந்தால் இப்போதே எடுத்து வைத்துவிடவும். கேரல் அக்காவுக்கு என் வணக்கம். ஆண்டவன் வலியெடுத்த உங்கள் முழங்கால்களைக் காப்பாற்றட்டும்.

அன்புடன்,
டுவேன்

பின்குறிப்பு: அண்ணா, மார்லிஸ் எழுதுகிறேன். இந்த மனுஷன் தபால்தலை வாங்கப் போயிருக்கிறான், அதற்குள் எழுதி உறையை ஒட்டிவிடுகிறேன். அன்றைக்கு நான் ஒரு நிமிஷம் கூடத் தூங்கவில்லை. இவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கண்ணை மூடிக்கொண்டு படுத்தேன். வீட்டுக்குப் போய் 'படகு வாங்கிக்கோ' என்று சொல்வதாகவே முடிவு செய்திருந்தேன். அப்புறம் வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது அண்ணா. "இவ தூங்கி நான் பாத்ததே கொஞ்சந்தாங்க. நான் வர்றப்ப இவ போயிருப்பா. என்னோட ஒரு வண்டிக்குள்ள இருக்க முடியுமான்னு இவளுக்கு பயம். இவ வரலன்னா எனக்கு இந்த ஊர் சுத்தறதெல்லாம் எதுக்கு?" என்று முன்பின் தெரியாத அந்த மனுஷரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாதது. நான் எழுந்தால் நிறுத்திவிடுவானே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தேன். அந்த மெத்தை கருங்கல் அண்ணா, இடுப்பு இன்னும் நிமிரவில்லை. அவனிடம் மட்டும் மூச்சு விட்டுவிடாதே. தடியாக இரண்டு பஞ்சுப் போர்வை வாங்கி, அவனுக்குத் தெரியாமல் மெத்தை விரிப்புக்கு அடியில் விரித்துவிட்டேன். நான் அவனோடு போகிறேன்.