கோணிய கோயிலும் றொசாந்தியின் கலியாணமும்

அன்புள்ள மச்சான் ஜெஸ்ரினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் இல்ஃபோர்டில் உயிரோடு இருக்கிறோம். வருகிற பதினான்காம் திகதிக்குப் பிறகும் இருப்போமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

மாப்பிள்ளை பகுதி அங்கிலிக்கன் என்பதால், என் மகள், உன் மருமகள் றொசாந்தியின் கலியாணத்தை அன்றைக்கு எண்ணூறு வருடப் பழைய கோயிலில் வைத்திருக்கிறார்கள். எட்டாம் ஹென்றி ராசா பறிக்கும்வரை அது எங்கள் கத்தோலிக்கக் கோயில்தான். நூலகத்துப் புத்தகத்தில் படித்தேன். பறித்தவர்கள் சுவரில் வரைந்திருந்த அர்ச்சிஷ்டவர்களின் படங்களுக்கு வெள்ளை அடித்தார்களே தவிர அத்திவாரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. போன ஞாயிறு அங்கே போயிருந்தபோது, பிரசங்கத்தின் நடுவே என் தோளில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. அண்ணாந்தால், பலிபீடத்துக்கு முன்னாலுள்ள கல் வளைவிலிருந்து தூண்வரை ஒரு வெடிப்பு இறங்கியிருக்கிறது. மறுநாள் போய், ஊரில் மேசன்மார் செய்வதுபோல நூல் பிடித்தேன். வாசலின் நடுவிலிருந்து நேரே இழுத்த நூல் பலிபீடத்தின் நடுவுக்குப் போகவில்லை, ஒன்றரை அடி விலகி நிற்கிறது. கட்டடம் முறுகுகிறது, ஜெஸ்ரின். சுவர் அசைந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வெள்ளைச் சீமெந்தால் ஒட்டித் திகதியும் எழுதினேன். கோயில் நிர்வாகி ஓடி வந்து, இங்கே ஓர் ஆணி அடிக்கவே அனுமதி வேண்டும் என்று தலையில் கை வைத்தார்.

குருவானவர் ஒரு அம்மா. அதையும் பொறுத்துக்கொண்டேன். பலிபீடப் பகுதியைக் கட்டும்போதே கோணலாகக் கட்டினார்கள், சிலுவையில் ஆண்டவர் தலை சாய்ந்ததைக் காட்டத்தான் என்று சனம் சொல்வதுண்டு என்று சிரித்தார். "அப்ப கழுத்து முறியமுதல் முட்டுக் குடுங்கோ" என்றேன். றொசாந்தி மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

இதற்குள் மாப்பிள்ளை வீட்டார் தவிலும் சீனவெடியும் ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அந்த வளைவு தாங்குமா? மண்டபத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நான் அதற்குக் கீழே நடக்கமாட்டேன் என்றேன். நல்ல காரியத்தில் அபசகுனம் பேசுகிறேனாம், உன் அக்கா மெற்றில்டா சொல்கிறா. பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்கள் வராட்டி நான் தனிய நடப்பன், அப்பா."

அவள் தலைமேல் கல் விழுவது எனக்குக் கண்ணை மூடாமலே தெரிகிறது. நீ கனடாவில் கட்டட வேலை பார்க்கிறவன், அக்கா உன் சொல்லைக் கேட்பா. போன் எடுத்து மண்டபம் என்று ஒரு சொல் சொல்லு.

உனக்கும் வீட்டாருக்கும் என் ஆசீர்வாதம். உங்கள் கூரை நேராக நிற்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் யேசுரட்ணம்

பி.கு.: தபாலில் போடமுதல் கலியாண ஒத்திகைக்கு இழுத்துப் போனார்கள். வாசலிலேயே நின்றுவிட்டேன். றொசாந்தி என் கையைப் பிடித்தாள்; சின்ன வயதில் தெருவைக் கடக்கப் பிடித்த அதே பிடி. வளைவைத் தாண்டியது எனக்குத் தெரியாது. அக்காவுக்குப் போன் எடுக்காதே, டிக்கெட் எடு. நீ இருக்க இடப்பக்கம் மூன்றாவது வாங்கு. அதற்கு மேலுள்ள ஓக் மர உத்திரத்தை நீளத் தடியால் தட்டிப் பார்த்துவிட்டேன், உறுதிதான். நிர்வாகிக்குத் தெரியாது.