முனியாண்டி தலையில் நான் கட்டிய நாய்

சாமியையே ஏமாற்றியவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம். அதில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருப்பதால் சொல்வதில்லை. நான் ஏமாற்றியது என் மனைவி கமலத்தை. அதுவும் ஒரு நாய் விஷயத்தில்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றபின் கோலா சிலாங்கூரில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், கடைசி வீட்டை வாங்கினோம். பின்வேலிக்கு அப்பால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. காலையில் நான் கடைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து, கூட்டாளிகளோடு உலகத்தைத் திருத்திவிட்டு (உலகம் இன்னும் திருந்தவில்லை) மத்தியானம்தான் திரும்புவேன். அதுவரை கமலம் தனியாக இருப்பாள். அடுத்த வரிசையில் ஒரு வீட்டில் திருடன் புகுந்ததிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"ஒரு நாய் வாங்கணுங்க. சின்னதா இருந்தாப் போதும். ஆனா குரைக்கணும்."

அவள் மனதில் இருந்தது பொமரேனியன். ரவாங்கில் எங்கள் மகள் வசந்தியின் பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தது. "ரோட்டுல இலை விழுந்தாக்கூட குரைக்குதுங்க!" என்று ஏதோ கச்சேரி கேட்டுவிட்டு வந்தவள்போலச் சொன்னாள்.

நான் படித்தவன் அல்லவா? படித்துப் பார்த்து, ஷிட்சூ ஜாதிதான் நல்லது என்று முடிவு செய்தேன்.

"பொமரேனியன் முடி கொட்டும், கமலம். ரசத்துல கிடக்கும். ஷிட்சூ சாது. அதிகம் கொட்டாது."

"அதுக்கு முடி கண்ணையே மறைக்குதே. திருடன் வந்தா எப்படிப் பார்க்கும்?"

"மோப்பம் பிடிச்சுடும்."

"பிடிச்சு?"

நான் மறுபடி முடிப் பேச்சுக்கே போனேன். உண்மையான காரணத்தை நான் சொல்லவில்லை. மத்தியானம் ரேடியோவைப் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் தூங்குவது என் வழக்கம். குரைக்கிற நாய் அதைக் கெடுத்துவிடும். அவ்வளவுதான்.

வசந்தி போனில், "ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்குங்கலா!" என்றாள். கமலம் அதைவிடப் பெரிய இடத்துக்குப் போனாள். "முனியாண்டிகிட்ட பூ கேட்போம்."

எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில் அது வழக்கம். கல்யாணமோ, ஆப்பரேஷனோ, மனம் ஒரு பக்கம் நிற்காவிட்டால் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் மடித்துச் சாமி காலடியில் வைப்போம். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அதுதான் உத்தரவு. சிவப்பு பொமரேனியன், வெள்ளை ஷிட்சூ என்று பேசிக்கொண்டோம். பொட்டலத்தைக் கட்டித் தருகிறேன் என்று நானே முன்வந்தேன். கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு இலையிலும் மல்லிகையை வைத்து மடித்தேன். செம்பருத்தியைக் கால்வாயில் போட்டேன்.

பூசாரி சூடம் காட்டினார். முனியாண்டி பெரிய கண்ணை விழித்து என்னையே பார்த்தார். நான் உண்டியலைப் பார்த்தேன். கமலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு பூவைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டு, "சாமி சொல்லிட்டாரு. நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்" என்றாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் துணிந்தேன்.

ஷிட்சூ வந்தது. கமலம் அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்தாள். ("காலம் பூரா தோட்டத்துத் துரைக்குச் சலாம் போட்டீங்க, இவனுக்கும் போடுங்க.") நான் வாக்களித்ததற்கு மேலேயே துரை சாதுவாக இருந்தான். கேஸ் கொண்டுவந்த ஆளை வாலாட்டி அடுப்படிவரை அழைத்துப் போனான். செம்பனைக் காட்டிலிருந்து ஓர் உடும்பு வந்து அவன் சோற்றைத் தின்றபோது மரியாதையாக ஒதுங்கி நின்றான். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு நாள் மழை விட்ட மத்தியானம், கமலம் பின்பக்கம் துணி எடுக்கப் போனாள். நான் முன்னால் நாற்காலியில். ரேடியோவில் பழைய பாட்டு. துரை ஈரக் காலோடு வந்து என் முன்னால் நின்றான். பின்பக்கம் போனான். திரும்ப வந்தான். நான் ஒரு பிஸ்கட் போட்டேன். அவன் அதைத் தொடாமல் மறுபடி பின்பக்கம் போனான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'நல்ல பிள்ளை, சத்தமே இல்லை' என்று மெச்சிக்கொண்டு ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

தேத்தண்ணி நேரம் தாண்டியும் தேத்தண்ணி வராததால்தான் எழுந்தேன். அவளைத் தேடி அல்ல, தேத்தண்ணியைத் தேடி.

பாசி வழுக்கி, சிமெண்டுத் தரையில் கிடந்தாள். மேலெல்லாம் நனைந்த துணி. துரை அவள் கைமேல் தலையை வைத்துப் படுத்திருந்தான்.

"கூப்பிட்டேங்க" என்றாள். "நீங்க ரேடியோவைக் கூட்டினது கேட்டுச்சு."

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் முடிந்த பிறகும் எந்நேரமும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குனிந்து கேட்டேன்.

"முனியாண்டிக்கு நான் என்ன குறை வச்சேன்? வாய் இல்லாத நாயா பார்த்து ஏன் கொடுத்தாரு? என்மேல ஏதோ கோவம். சேவல் நேர்ந்திருக்கேன், வசந்திகிட்ட சொல்லுங்க."

வலியைவிட அந்தக் கணக்குதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. தான் செய்யாத குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"கமலம், ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூதான் இருந்துச்சு."

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "ரெண்டுலயுமா?"

"ஆமா."

"அப்ப முனியாண்டி ஒண்ணும் சொல்லலையா?"

"நான் சொல்ல விடலை."

அவள் முகத்தில் வந்தது நிம்மதி. அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. "அப்ப அவருக்கு என்மேல கோவமில்ல" என்றாள். பிறகு, "பாவம், தரையில கிடந்தப்ப அவரைக் கண்டபடி திட்டிட்டேனே. அத்தனையும் உங்களுக்குப் போய்ச் சேரட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீடு திரும்பிய அன்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னாள்: "இனிமே வாசலுக்கு யாரு வந்தாலும் நீங்க குரைங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவள் மறுபடி நடக்கவில்லை. நானும் கடைக்குப் போவதை விட்டுவிட்டேன்.

இப்போது வசந்தி வந்தால் கேட்டுக்கு வெளியே நின்று, "அப்பா, நான்தான். ஸ்டார்ட் பண்ணுங்க!" என்கிறாள். பேரப்பிள்ளைகள் போனில் படம் பிடிக்கிறார்கள். குரைத்த பிறகு இருமல் வருகிறது. துரை பக்கத்தில் உட்கார்ந்து அக்கறையோடு பார்க்கிறான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

கமலம் சிரிப்பதில்லை. அடுப்படியில் நாற்காலியைத் திருப்பி, சத்தம் அங்குவரை வந்து சேர்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறாள். வந்து சேர்ந்தால் ஒரு தடவை கைதட்டுவாள். அதற்குப் பிறகுதான் நான் கேட்டைத் திறக்கிறேன்.