மாதுங்கா மனோசிகிச்சை சபையின் முதல் வெற்றி

உலகத்திலேயே ஏழையின் மனத்துக்கு முதன்முதலில் வாசற்கதவைத் திறந்துவிட்டது எங்கள் மாதுங்கா மனோசிகிச்சை சபைதான். அமெரிக்காகூட அப்புறம்தான். கௌரவ காரியதரிசி என்ற முறையில் இதை நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யாரும் சொல்லக் காணோம்.

சிகிச்சை முற்றிலும் ‘இலவசம்’. வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு வர வேண்டும். அன்றைய கூலி போகும்தான். ஆனால் அது கூலி, கட்டணம் அல்ல. நோயாளி படுத்துப் பேசும் சோபா புதிது என்பதால் குளித்து, வெளுத்த வேட்டி உடுத்தி வர வேண்டும். இதைக்கூடச் செய்யாதவனுக்கு மனம் ஒரு கேடா?

டாக்டர் சுந்தரராமன் லண்டன் போய்வந்தவர். பிறந்தது கும்பகோணம்தான், என்றாலும் இங்கிலீஷில் சொன்னால்தான் அவருக்கு வியாதி பிடிபடும். மொழிபெயர்க்கும் பாரம் என் தலையில் விழுந்தது.

முதலில் சபை அங்கத்தினர்களே முறைபோட்டுப் படுத்து சோபாவைப் பழக்கினோம். பிறகு ஒருநாள் தாராவியிலிருந்து சண்முகவடிவு என்பவள் தன் புருஷன் வெயிலுமுத்துவை அழைத்துவந்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஹமாலி. நாற்பத்து நாலில் அங்கே வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது தம்பியைப் பறிகொடுத்தவன். அன்று மூடிய வாயை இரண்டு வருஷமாகத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவைத்தால் போதும் என்று அழுதாள்.

அவன் சோபாவில் உட்காரக் கூசித் தரையில் குந்தினான். தம்பியிடம் இவனுக்குப் பிரியம் உண்டா என்று கேட்கச் சொன்னார் டாக்டர். கேட்டேன்.

வெயிலுமுத்து பேசினான்! அன்று காலை வேலைக்கு வரமாட்டேன் என்ற தம்பியைத் திட்டி இழுத்துப் போனதை, தீக்குள்ளிருந்து “அண்ணே” என்று வந்த குரலை, திரும்பிப் பாராமல் தான் ஓடியதை, எல்லாவற்றையும் தேம்பித் தேம்பிச் சொன்னான். சண்முகவடிவு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். டாக்டருக்கோ சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கம்தானே மொழிபெயர்ப்புக்கு அழகு?

“பிரியம் உண்டு என்கிறான்,” என்று இங்கிலீஷில் சொன்னேன்.

டாக்டர் பரம திருப்தியுடன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். நான் சண்முகவடிவுக்கு விளக்கினேன்: “ஊமையா வந்தான், பேசிட்டான். பூரண குணம். இனிமே வர வேண்டாம்.”

அவள் என்னையே பார்த்தாள். “அவுக பேசிட்டாக, சாமி. கேட்டது யாரு?”

அஜெண்டாவில் இல்லாத கேள்வி என்பதால் நான் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை. தாராவியில் மனோவியாதி அடியோடு ஒழிந்துவிட்டதாக அன்று மாலையே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம்.

வெயிலுமுத்து அதற்கப்புறம் வாயே திறக்கவில்லையாம். குணமானவனுக்குப் பேச என்ன இருக்கிறது?