பந்து இந்தப் பக்கம் வரட்டும்

போன் திரையில் மைதானம் தெரிந்தது. ஆடுகிறவர்கள் எல்லாரும் கல்லாய்ச் சமைந்து நின்றார்கள். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் நெட் திணறியது.

இளநீர்க் கடையைக் கணவர் தலையில் கட்டிவிட்டு, தனம் எதிர்வீட்டு ரேணுகாம்பாளிடம் ஓடினாள். அங்கே சீரியல். கெஞ்சிக் கூத்தாடி, மகள் ஆடும் மேட்சுக்கு மாற்ற வைத்தாள். மாற்றிய கையோடு கரண்ட் போனது.

"உம் பொண்ணு ஆடுனா தெருவே இருட்டாயிடுதே!"

மிச்சமிருந்தது ஆசிரமத்துப் பக்கம் அருண்பிரசாத்தின் காபிக் கடை. அங்கே ஜெனரேட்டர் உண்டு, பெரிய டிவியும் உண்டு. ஊரே ஒரு பக்கம் நடக்க, தனம் கூட்டத்தை எதிர்த்து நடந்தாள்.

"யம்மா, கிரிவலம் அந்தப் பக்கம்!"

"எனுக்கு இந்தப் பக்கம்!"

மகள் ஓவியா இந்தியக் கால்பந்து அணிக்குப் போய் ரெண்டு வருஷம். போனில் பேசுவாள், சாப்பிட்டேன் என்பாள். ஆனால் ஆடுகிற மகளைத் தனம் சரியாகப் பார்த்ததே இல்லை. ஓவியா தடுப்பாட்டக்காரி, நம் கோலுக்குப் பக்கத்திலேயே நிற்பவள். கேமராவோ பந்துக்குப் பின்னால் ஓடும். போன ஆட்டம் முழுக்கப் பார்த்தும் முதுகுதான் கிடைத்தது. அதை மகளிடமே போனில் சொல்லிப் புலம்பியிருந்தாள்.

"நம்ம பொண்ணுங்க பொளக்கறாங்க!" என்று துள்ளினான் அருண்பிரசாத்.

"ஐயோ, அந்தப் பக்கமே அடிக்கறாங்களே!" தனம் கண்ணை மூடிக்கொண்டாள். "அண்ணாமலையாரே, எதிராளுங்க ஒரு தரம் இந்தப் பக்கம் வரட்டும்."

வந்தார்கள்.

"வாங்கம்மா, வாங்க!" தனம் கைதட்டினாள். கடையே திரும்பிப் பார்த்தது.

"யக்கா, நீங்க எந்தக் கட்சி?"

"எம் பொண்ணு கட்சி!"

ஓவியா பாய்ந்து பந்தைப் பறித்தாள். திரை நிறைய அவள் முகம். கன்னம் ஒட்டியிருந்தது. புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. இது எப்போது பட்டது? சொல்லவே இல்லையே. தனம் எழுந்து டிவியைத் தொடப் போனாள். அதற்குள் கேமரா நகர்ந்துவிட்டது.

ஆசை விடவில்லை. இன்னும் பலமாக வேண்டினாள். பந்து மறுபடி வந்தது. ஓவியா அதைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடிம்மா! முன்னாடி அடி!" என்று கடையே அலறியது.

அடிக்கவில்லை. எதிராளி தட்டிப் பறித்து உதைத்தாள். பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கோச் ஓவியாவை வெளியே கூப்பிட்டுவிட்டார்.

தனத்துக்குக் காபி இறங்கவில்லை. ஆட்டம் டிராவில் முடிந்து கடை காலியானபோதும் உட்கார்ந்தே இருந்தாள். ஓவியாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அவளோடு அணியில் ஆடும் கவிநிலா.

"அவ எங்கேம்மா?" என்று பதறினாள் தனம். "எல்லாம் என்னாலதான். பந்து அவகிட்டயே வரணும்னு நான்தான் வேண்டினேன்."

"நீங்க வேறம்மா! கோச் அவள நிக்க வெச்சுத் திட்டிட்டிருக்காரு. 'கெடச்ச பந்த ஏன் அடிக்கல'ன்னு கேட்டா, 'அடிச்சா கேமரா போயிடும் சார், எங்கம்மா பாத்துட்டிருக்காங்க'ன்றா!"