எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத கார்

இருபது வருடங்களுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கிள்ளான் தட்டையான நிலம், கோலாலம்பூர் மேடும் பள்ளமும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். புரியாத பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்தும் இருக்கிறேன். அந்தப் பாடம் எனக்கே புரியவில்லை என்பதை என் மகள் சுமதியின் எதிர்காலத்தைப் பணயம் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. இன்றைக்கும் எங்காவது ஓர் எஞ்சின் தேவைக்கு அதிகமாக உறுமினால் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். (பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் மிஷினைக் கிளப்பினாலே நான் கதவைப் பிடித்துக்கொள்கிறேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ.)

கிளட்ச்சுக்கும் என் இடது காலுக்கும் ஆரம்பம் முதலே ஒத்துப்போகவில்லை. லைசென்ஸ் தேர்வில் மூன்று தடவை மேட்டில் காரைப் பின்னால் உருட்டியவள் நான். அதனால், கிளட்ச்சே இல்லாத, கியர் தானாக மாறுகிற கார் ஒன்று பிரிக்பீல்ட்ஸில் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், எனக்காகவே செய்து வைத்தது போல இருந்தது. பத்து வயதைத் தாண்டிய ஜப்பான் கார். விற்றவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர். சாவியைக் கொடுக்கும்போது உண்மையைத்தான் சொன்னார்.

"பிள்ளை, இது என்னைப் போலத்தான். காலமையிலை கொஞ்சம் ஆறுதலாத்தான் வெளிக்கிடும். அவசரப்படுத்தக் கூடாது."

என்ன பணிவான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கியர் பாக்ஸின் நோயைச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரருக்கு இந்தக் காரில் துளியும் இஷ்டமில்லை. இருந்தாலும் வாகன பூஜைக்கு வந்தார். கிள்ளானில் நாங்கள் வழக்கமாகப் போகும் கோயிலின் வாசலில் ஐயர் காருக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழத்தை வைத்தார். "மெதுவா முன்னால எடுங்கம்மா" என்றார்.

எடுத்தேன். எஞ்சின் உறுமியது. கார் நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். எஞ்சின் அலறியது. பழங்கள் நான்கும் அப்படியே உட்கார்ந்திருந்தன. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மூன்று, நான்கு விநாடி கழித்து, மறந்துபோன ஏதோ ஒன்று திடீரென்று ஞாபகம் வந்தது போலக் கார் ஒரு துள்ளுத் துள்ளி, பழங்களை நசுக்கிவிட்டு நின்றது.

என் வீட்டுக்காரர் குனிந்து பழத்தைப் பார்த்தார். "பழத்து மேலயே ஏற மாட்டேங்குது. இது கோலாலம்பூருக்குப் போகுமா?"

"பழம் பெருசு," என்றேன்.

சகுனம் சரியில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் படித்தவள் அல்லவா, சகுனத்தையெல்லாம் நம்புவேனா? தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப் போனேன். அந்த எலுமிச்சம்பழம் செய்தது சகுனம் அல்ல, பரிசோதனை என்பது இந்தப் படித்தவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த மாதம் சுமதிக்குக் கடிதம் வந்தது. வெளிநாட்டில் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளத்துக்கு நேர்முகத் தேர்வு. எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் விமானம் ஏறிப் படிக்கப் போனவர்கள் யாரும் கிடையாது. காலை பத்து மணிக்கு வர வேண்டும், தாமதமாக வருகிறவர்களைக் கூப்பிட மாட்டோம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் கடிதத்தை நான் சாமி மாடத்தில் வைத்தேன். சுமதி அதை எடுத்து ஃபைலில் வைத்தாள். நான் மறுபடியும் எடுத்து மாடத்தில் வைத்தேன்.

இதற்குள் காரின் நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. மிதித்தால் சத்தம் மட்டும் வரும், வேகம் வராது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல், கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் இருந்த ஒரு சீன மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"அக்கா, உள்ள தேஞ்சிருச்சி. புடிக்க மாட்டேங்குது, வழுக்குது. கியர் பாக்ஸ எறக்கிப் பாக்கணும். ரெண்டு வாரம் ஆகும்."

"பத்து நாள்ல எனக்கு முக்கியமான வேலை இருக்கு. எண்ணெய் மட்டும் ஊத்திக் குடுங்க."

"ஊத்துறேன். ஆனா கிள்ளான் தட்டை, போகலாம். கே.எல். மேடு, முடியாது லா." பிறகு அவரே சிரித்தார். "ரிவர்ஸ் மட்டும் நல்லா இருக்கு. வேணும்னா பின்னாலயே போங்க."

நானும் சிரித்தேன். ஒரு மெக்கானிக் எனக்குப் புவியியல் சொல்லித்தருகிறாரே என்றுதான் சிரித்தேன்.

நேர்முகத் தேர்வு அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "பஸ்ஸுல போங்க. ஏழு மணிக்கு ஏறினா ஒன்பதுக்கெல்லாம் அங்க இருக்கலாம்."

"புள்ள கசங்குன பாஜூ குரோங் உடுப்போட போய் நிக்கணுமா? கார்லதான் போறோம்."

இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் என் பென்ஷனை எழுதிக் கொடுப்பேன்.

ஷா ஆலம் வரை ஒழுங்காகத்தான் போனோம். கார் சூடேறியதும் வழுக்கல் அதிகமாயிற்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் எஞ்சின் விமானம் போல இரைய, சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் வந்த லோரிகள் ஹாரன் அடித்தே எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தன என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் சுமதி மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, மலாயில் பதில்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பெட்டாலிங் ஜெயா தாண்டியதும் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. தேவாரம் என்று நினைக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. அந்த அலுவலகம் நகரத்துக்குள் ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. அடிவாரத்துக்கு வந்தபோது மணி ஒன்பதே முக்கால். ஒரு கார் மட்டும் போகக்கூடிய, வளைந்து ஏறுகிற பாதை. மிதித்தேன். எஞ்சின் அலறியது. கார் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் உருண்டது. மறுபடி மிதித்தேன். மறுபடி உருண்டது.

"அம்மா, நான் நடந்தே போயிடறேன்."

"இந்த மழையிலயா? நனைஞ்ச கோழி மாதிரி போய் நிப்பியா?" குடை என் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் பத்திரமாக இருந்தது.

அப்போதுதான் மேரு மெக்கானிக்கின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அடிவாரத்தில் காரைத் திருப்பினேன். ரிவர்ஸ் போட்டேன். கார், வெட்கமே இல்லாமல், பின்பக்கமாக ஏற ஆரம்பித்தது.

நான் உடம்பைத் திருகி, பின் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். சுமதி நேராகப் பார்த்துக்கொண்டு, அதாவது போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உட்கார்ந்திருந்தாள். பாதி தூரம் ஏறியிருப்போம்.

"அம்மா, ஒரு கார் வருது."

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"நமக்குப் பின்னால... இல்ல, முன்னால. நம்மளப் பாத்துக்கிட்டு வருது."

கறுப்பு அரசாங்கக் கார். எங்கள் மூக்குக்கு நேராக அதன் மூக்கு. விலகி வழி விட இடமில்லை. நின்றால் என் கார் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். அதனால் நாங்கள் ஏற, அது எங்களைத் தொடர்ந்து ஏற, இரண்டு காரும் முகத்துக்கு முகம் பார்த்தபடியே குன்றில் ஊர்ந்தன. பின் இருக்கையில் ஒரு பெரிய அதிகாரி பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாகச் சுமதி சொன்னாள். பிறகு, "பேப்பரக் கீழ எறக்கிட்டாரும்மா" என்றாள்.

நான் பின் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினேன்.

"என்னையே பாக்குறாரு. சிரிக்கவா?"

"சிரிக்காத. கும்பிடவும் கும்பிடாத. ஃபைலப் பாரு."

"எவ்வளவு நேரம்மா ஃபைலப் பாக்குறது?"

பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, காரின் பிட்டத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போர்ட்டிகோவுக்குள் நுழைந்தோம். சுமதி இறங்கி ஓடினாள். அந்த அதிகாரியும் இறங்கி, என்னை ஒரு முறை, காரை ஒரு முறை பார்த்துவிட்டு, அவள் போன அதே கதவுக்குள் போனார்.

காருக்கு அடியில் சிவப்பாக எண்ணெய் சொட்டிக் குளம் கட்டியது. காவலாளி குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, வண்டி ரத்தம் கக்குது" என்றார். எனக்கும் கக்கினால் தேவலை போலிருந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு வாரம் அப்படியே கிடந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துச் சுமதி வந்தாள். அந்த அதிகாரிதான் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். முதல் கேள்வியே, ஏன் அப்படி வந்தீர்கள் என்பதுதானாம்.

"நீ என்ன சொன்ன?"

"முன்னால வர முடியல. ஆனா வராம இருக்கவும் முடியல. அதான் சொன்னேன்."

"சிரிச்சாரா?"

"எழுதிக்கிட்டாரும்மா."

காரை அங்கேயே விட்டுவிட்டு, பஸ்ஸில்தான் கிள்ளான் திரும்பினோம். பாஜூ குரோங் நன்றாகக் கசங்கியது. மாலையில் என் வீட்டுக்காரர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் திட்டவே இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து, வருந்துகிறோம் என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. சர்க்கரை விலை பற்றிய ஒரு கேள்வியில் தடுமாறிவிட்டேன், அதனால்தான் கிடைக்கவில்லை என்று சுமதி இன்றுவரை சாதிக்கிறாள். இருக்கலாம். நான் கேட்கிற ஒவ்வொரு தடவையும் சர்க்கரை, ரப்பராகவும் ஈயமாகவும் மாறிக்கொண்டே வருகிறது என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

அவள் ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். இப்போது அம்பாங்கில் பாடம் நடத்துகிறாள். போன மாதம் சொந்தச் சம்பாத்தியத்தில் புதுக் கார் வாங்கினாள். (கிளட்ச் வைத்ததுதான். கேட்க வேண்டுமா?) பூஜை அதே கோயிலில். நான் கூட்டத்துக்குப் பின்னால், தூணோரமாக நின்றுகொண்டேன்.

ஐயர் முன்பக்கம் பழங்களை வைக்கப் போனார். சுமதி அவரைத் தடுத்து, நான்கையும் சக்கரங்களுக்குப் பின்பக்கம் வைக்கச் சொன்னாள்.

"முன்னாலதாம்மா எடுக்கணும்," என்றார் ஐயர்.

"எங்க வீட்டுல எப்பவும் பின்னாலதான், சாமி. அம்மா ஆரம்பிச்சு வச்ச பழக்கம்."

என் வீட்டுக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். சுமதி கண்ணாடி வழியாக என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, ரிவர்ஸ் போட்டாள். நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கழுத்து வலித்தது.