இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும்

எட்டுக் கட்டில் இருந்தது, எட்டு வெள்ளை விரிப்பு இருந்தது, படுக்க ஒரு கர்ப்பிணிதான் இல்லை. தாய்மார் ஓய்வில்லத்தின் பொறுப்பாளர் நாகநாதன் நடுமுற்றத்தைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டார்.

கோட்டையூருக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த நகரத்தார் வீடு அது. ஒன்றிய நிதியில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தரை குளுகுளுவென்று இருக்கும். காற்று முற்றத்தில் இறங்கி, தூண்களைச் சுற்றி வந்து கண்ணைச் சொருக வைக்கும். அங்கே நின்றுகொண்டே கனவு காணலாம்.

கண்மாய்க்கு அந்தப்பக்கத்து ஊரில் மட்டும் பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தன. தாய்மாருக்கு ரத்தக்கொதிப்பு. "பகல்ல செத்த நேரம் படுத்தாலே பாதி கொறையும்ணே" என்று நர்ஸ் பாண்டீஸ்வரி சொல்லித்தான் இந்த ஏற்பாடே. போன ஐப்பசியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அழுத அழுகை இன்னும் நாகநாதன் காதை விட்டுப் போகவில்லை. ஆய்வுக்கு வரும் டாக்டரம்மா காலிக் கட்டிலைப் பார்த்தால் நிதி போச்சு, வீட்டுக்கும் பூட்டுதான்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அந்த ஊருக்குப் போனார். மேடிட்ட வயிற்றோடு புஷ்பவள்ளி குடம் தூக்கி வந்தாள்.

"வந்து படுத்துக்கத்தா. சாப்பாடும் உண்டு."

"நல்லாச் சொன்னீக! அறுவடை முடிஞ்சு எங்க வீட்டு ஆளு சும்மாதான் கெடக்காரு. மணிக்கொரு காப்பி, வெந்நீரு, வெஞ்சனம். நான் படுத்துட்டா யாரு பாக்குறது?"

"அவரையும் கூட்டிட்டு வா. சோறு போட்டுருவோம்."

மறுநாள் அவள் புருஷன் அருள்பாண்டி மட்டும் வந்தான்.

"அவ எங்கப்பா?"

"பொம்பளைய அனுப்புறதுன்னா எடம் எப்படின்னு பாக்கணும்லண்ணே!"

கட்டிலை அமுக்கிப் பார்த்தான். உட்கார்ந்து பார்த்தான். அப்புறம் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாள் இடம் பார்க்க நாலு பேர். அந்த வாரத்துக்குள் எட்டுக் கட்டிலும் எட்டுப் புருஷன்மாரால் நிறைந்துவிட்டது. விரட்டினால் கோபித்துக்கொண்டு பெண்டாட்டிகளை அனுப்பாமல் போய்விடுவார்களே என்று நாகநாதனுக்குப் பயம்.

தந்திரமாகக் கோழிக்குழம்பை நிறுத்தினார். கர்ப்பிணிகளுக்கென்று நர்ஸ் சொன்ன முருங்கைக்கீரை, சுண்டல், கேழ்வரகுக் களி மட்டும் போட்டார். ஓடிப்போவார்கள் என்று பார்த்தால், "வயித்துக்கு எம்புட்டு எதமா இருக்கு!" என்று கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்கள். கன்னம் வேறு பளபளத்தது, பாவிகளுக்கு.

கடைசியில், "இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும்" என்று பலகை எழுதி மாட்டினார். பிள்ளைத்தாய்ச்சி மாதிரி படுக்க வெட்கப்பட்டாவது போகட்டும் என்று நினைத்தார். எட்டு மீசைகளும் சொன்னபடி இடப்பக்கம் திரும்பிக்கொண்டன. அப்படிப் படுத்தால்தான் தூக்கம் இன்னும் சொக்குகிறதாம்!

டாக்டரம்மா வந்து இறங்கியபோது உச்சி வெயில் முற்றத்தில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. குறட்டை ஒரே சீராக எழுந்து அடங்கியது. நாகநாதனும் தூணில் சாய்ந்தபடி, கட்டிலெல்லாம் கர்ப்பிணிகள் படுத்திருப்பதாகக் கனவு கண்டுகொண்டிருந்தார். தோளைத் தட்டியதும் துள்ளி எழுந்தார்.

"இவங்கள்லாம் யாரு?"

"எடம் பாக்க வந்தவுகம்மா."

"கர்ப்பிணிகள் எங்க?"

"ஒருத்திகூட வரலம்மா. எனக்குத் துப்பில்ல. வேற யாரையாச்சும் வச்சு நடத்துங்க, வீட்ட மட்டும் பூட்டிறாதீக. அதுக பாவம்மா." மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. "எந்திரிங்கய்யா எல்லாரும்!" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள், கண்மாய் தாண்டிப் போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்த பாண்டீஸ்வரி, உதட்டில் விரலை வைத்தபடி ஓடி வந்தாள்.

"எழுப்பிறாதீக மேடம்! இவுக இங்குட்டு வந்து படுத்ததுல இருந்துதான் அங்குட்டுப் பொண்டுக பகல்ல கண்ணசருறாக, எட்டுப் பேருக்கும் பிரஷர் எறங்கியிருக்கு!"