சாவியோடு தூங்கிய விண்டோஸ்

அன்புள்ள மைத்துனருக்கு,

வணக்கம். நானும் உங்கள் அக்காவும் நலம். நீங்கள் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்களையும் போட்டுக் கொடுத்த கணினியும் இன்று காலை பதினொன்றே முக்காலிலிருந்து நலம். கடிதம் நீண்டுவிடுமோ என்ற பயத்தில் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

1. அக்காவின் புத்தகம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.
2. நேற்று வரை சேராது போலிருந்தது.
3. காரணத்தை நானே கண்டுபிடித்தேன்.
4. அதை நீங்கள் முன்பே சொல்லியிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை.

தன் செவிலியர் வாழ்க்கையை அக்கா இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் விண்டோஸில் எழுதி முடித்தாள். இன்று நண்பகலுக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம்தான் என்றார் அச்சகக்காரர். லினக்ஸில் எழுத்து பெரிதாகத் தெரிவதால் அங்கே பிழை திருத்தினேன். பக்கம் அமைப்பது விண்டோஸில் மட்டும்தான் முடியும் என்பதால், நீங்கள் இரண்டுக்கும் பொதுவாக ஒதுக்கிய டிரைவில் சேமிக்கப் போனால், "படிக்க மட்டுமே அனுமதி" என்கிறது. நாற்பது வருடம் பிழை திருத்தியவனிடம், பார்க்கலாம், தொடக்கூடாது என்றால் எப்படி இருக்கும்? என் மேல்தான் தப்பு என்று முப்பத்தேழு முறை கணினியை விண்டோஸிலும் லினக்ஸிலும் மாற்றி மாற்றித் திறந்தேன். அக்கா பொறுமையிழந்தாள்.

"மெயில்ல உங்களுக்கே அனுப்பி, அந்தப் பக்கம் போய் எடுத்துக்க வேண்டியதுதானே?"

"வழியில எழுத்து மேல இருக்கிற புள்ளியெல்லாம் உதிர்ந்துட்டா?"

"இத்தனை வருஷத்துல உதிர்ந்தது உங்க தலைமுடி மட்டும்தான். அடுத்த வருஷம்னா எனக்குப் புத்தகமே வேண்டாம், சொல்லிட்டேன்!"

அந்தக் குரலில் கோபம் பாதி, அழுகை பாதி. பயந்துபோய் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு முறையும் விண்டோஸை எப்படி விட்டு வந்தேன், லினக்ஸ் என்ன சொன்னது என்று எழுதினேன். விடை கட்டத்திலேயே இருந்தது. அக்கா திறந்து வைத்த பக்கங்கள் கலையக் கூடாதே என்று விண்டோஸை அணைக்காமல் உறங்க வைத்துவிட்டு லினக்ஸுக்கு வந்திருக்கிறேன். அதுவோ பொது டிரைவின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கியிருக்கிறது!

இன்று பத்து மணிக்கு அதை எழுப்பி, எல்லாவற்றையும் மூடி, முழுதாக அணைத்தேன். லினக்ஸில் சேமித்தேன். முணுமுணுப்புக்கூட இல்லை. விண்டோஸுக்குத் திரும்பிப் பக்கம் அமைத்து, புள்ளி உதிராத பி.டி.எஃப் ஆக்கி அனுப்பினேன். அச்சகக்காரர் உடனே அழைத்தார். "வந்துடுச்சு சார். இவ்வளவு சுத்தமா எந்தப் புத்தகமும் வந்ததில்லை." நான் அறையை இரண்டு சுற்று சுற்றிப் பாடினேனாம். அக்கா சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "என் பேரைப் பெரிசாப் போட்டீங்கல்ல?"

உங்கள் வீட்டில் எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறக்கட்டும் என்ற ஆசிகளுடன்,
அத்தான்

பி.கு.: உறை தேடி இழுப்பறையைத் திறந்தேன். கணினியோடு நீங்கள் தந்த குறிப்புத்தாள் கிடைத்தது. ஐந்தாவது வரி: "அத்தான், விண்டோஸை முழுசா அணைச்சிட்டுத்தான் லினக்ஸுக்குப் போகணும்." அதில் "அணைச்சிட்டு" என்பதை அடித்து, "அணைத்துவிட்டு" என்று சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் "சரிபார்த்தேன்" என்று கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். மேலே எழுதிய நான்காவது விஷயம் தவறு.